பதினாறுக்குப் பக்கத்தில் ஒன்று

9

"எலிக்குப் பலம் எண்பத்தெட்டு. வௌவாலுக்கு எண்பத்தெட்டு. கிணத்தைக் காவல் காக்கிற பூதத்துக்கும் எண்பத்தெட்டு." சோடா தாள்களை மேஜைமேல் வைத்தான். "மேடம், இந்தக் கிணத்துக்குள்ள மட்டும்தான் எல்லாரும் சமம். பேசாம குடியேறிடலாம்."

மேடம் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைப் பிடித்துவிட்டு, அந்தச் சந்தேகப் புத்தியையே மூலதனமாகப் போட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். மதியத்துக்கு முன்னால் அவர் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. சோடா அவருடைய உதவியாளன். சோடா பாட்டிலின் அடியை வெட்டி மாட்டினாற்போன்ற கண்ணாடியால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் ஒட்டியது, இருபத்தொன்பது வயதிலும் உரியவில்லை.

எதிர் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து "என் தம்பி, என் தம்பி" என்றே பேசியதால் இந்த வழக்கில் அவள் பெயர் அக்கா என்றே ஆகிவிட்டது. பகலில் ஓர் அச்சகத்தில் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பாள். சாயங்காலம் தம்பி எழுதும் விளையாட்டுக்குப் பக்கம் வடிவமைப்பாள். மேஜையில் ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நுழைந்து, பேசிப் பேசியே முன்னேறும் விளையாட்டு. சண்டை வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். "வளர்ந்த ஆளுங்க வட்டமா உக்காந்து பொய் சொல்றாங்க, பகடை சாட்சி" என்று சோடா அதை முதல் நாளே சுருக்கிவிட்டான்.

தம்பி எழுதி அக்கா வடிவமைத்த கையேட்டின் பெயர் 'கிணற்றுக்குள் கோட்டை'. பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஓர் அறை. ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். ஜெயித்தால் பெரிய பதிப்பகம் ஒன்று புத்தகமாகப் போடும். ஆனால் அவர்கள் அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே 'இருள்மொழி' என்ற புனைபெயரில் யாரோ அதே சரக்கை அனுப்பியிருந்தார்கள். எட்டு அறைகள் சொல்லுக்குச் சொல் ஒன்று. மீதி எட்டு அறைகள் வேறு, அதுவும் மட்டம். இரண்டாவது நடுவர் ஒருவர் இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்துச் சத்தம் போட, போட்டியை நடத்தி, முதல் நடுவராகவும் இருந்த விளையாட்டுக் கடைக்காரர் இருள்மொழியின் பிரதியையும் அதன் மதிப்புரையையும் இணைத்துக் கடிதம் எழுதிவிட்டார். சோடா படித்தது அந்தப் பிரதியைத்தான். இன்று மாலை ஐந்து மணிக்குள் சொந்தப் படைப்பு என்று நிரூபிக்காவிட்டால், திருட்டுப் படைப்பு என்று பட்டியலில் போட்டு விடுவார்களாம்.

"கம்ப்யூட்டர்ல ஃபைல் தேதி இருக்குமே?" என்றான் சோடா.

"தேதியை மாத்தறது சின்ன வேலைன்னு ஒதுக்கிட்டாங்க. ஆனா எனக்குப் போட்டி பெரிசில்ல." அக்கா கைப்பையின் வாரை முறுக்கினாள். "இருள்மொழி பிரதியில இருக்கிற அந்த எண்பத்தெட்டு என் பழக்கம். எண்கள் வர்ற கட்டத்துல இடம் பத்துமான்னு பார்க்க, முதல்ல எல்லாத்துலயும் எண்பத்தெட்டுன்னு போட்டு வச்சுப்பேன். எட்டுதான் அகலமான எண். அது பொருந்தினா எதுவும் பொருந்தும். அப்புறம் நிஜ எண்ணை மாத்துவேன். தம்பி எழுதினதுல எங்கயும் எண்பத்தெட்டு கிடையாது."

"அதனால, போனது உங்ககிட்டேர்ந்துதான்னு தம்பி சொல்றார்" என்றார் மேடம்.

"விளையாடற எல்லார் முன்னாடியும் சொன்னான். பத்து நாளா வீட்டுக்கு வரல. ஃப்ரெண்டு வீட்ல தங்கியிருக்கான். போன் பண்ணா எடுக்கறதில்ல." அழுதுவிடுவாளோ என்று சோடா பயந்தான். அவள் அழவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மேடம் போட்டியிலிருந்து வந்த மதிப்புரைத் தாளைக் கையில் எடுத்தார். கடைக்காரர் பேனாவால் எழுதியது. இருள்மொழிக்கு மதிப்பெண் 77. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. 'முடிவையே தொடக்கமாக வைத்த துணிச்சல் பாராட்டத்தக்கது' என்று கீழே ஒரு வரி.

"துணிச்சலா, தற்செயலா?" என்றார் மேடம். "நீங்க எப்படி அச்சடிப்பீங்கன்னு காட்டுங்க. உங்க ரூமுக்குப் போவோம்."

அக்காவின் வேலை அறையில் இரும்பு ஸ்கேல், கட்டர், நீளக் கழுத்து ஸ்டேப்ளர், சுவரோரம் ஒரு வயசான பிரிண்டர். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சோடா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தொட்டால் கலைந்துவிடும் என்று தோன்றியது.

அவள் நாலு வெற்றுத் தாளை அவனிடம் நீட்டினாள். "ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சுப் பாதியா மடிங்க. புத்தகம் மாதிரிப் புரட்டி, ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் பக்க எண் போடுங்க."

சோடா போட்டான். நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டான்.

"இப்பத் தாளைப் பிரிங்க."

பிரித்தால், முதல் தாளில் இடது பக்கம் பதினாறு, வலது பக்கம் ஒன்று. அடுத்த தாளில் பதினாலும் மூன்றும். சோடா திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதென்ன, சீட்டுக் குலுக்கின மாதிரி இருக்கு?"

"மடிச்சாத்தான் வரிசை வரும். பிரிச்சா இப்படித்தான். அதனால அச்சடிக்கும்போதே பதினாறுக்குப் பக்கத்துல ஒண்ணு வர்ற மாதிரி அடுக்கித்தான் அடிக்கணும். எங்க தொழில்ல இது அரிச்சுவடி."

மேடம் இருள்மொழியின் பிரதியைப் பக்கத்தில் விரித்தார். "இருள்மொழியோட முதல் அறை உங்க புத்தகத்துல எத்தனாவது?"

அக்கா பார்த்தாள். "பதினாறாவது. பூதம் செத்து விழுந்த அறை."

"ரெண்டாவது?"

"ஒண்ணு." அவள் விரல் வேகமாக ஓடியது. "அடுத்தது பதினாலு. மூணு. பன்னெண்டு. அஞ்சு. பத்து. ஏழு." அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மேடம், மடிக்காத தாளைப் பார்த்து எழுதியிருக்காங்க."

"துணிச்சல்தான்" என்றான் சோடா. "கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது பழைய கதை. இவர் பூதத்தைப் புதைச்சுட்டுத்தான் கிணறே வெட்டறார்."

"ஆனா பாதிதான் இருக்கு" என்றார் மேடம். "ரெண்டு, பதினஞ்சு, நாலு, பதிமூணு... சோடா, உன் தாள்ல அதெல்லாம் எங்க இருக்கு?"

சோடா தாள்களைக் கவிழ்த்தான். எல்லாம் பின்பக்கத்தில் இருந்தன.

"பின்பக்கம் இல்லாத தாள். அச்சகத்துல அப்படி வருமா?"

"வராது. அங்க மெஷின் ரெண்டு பக்கமும் சேர்த்தே அடிச்சுடும். என் பிரிண்டர்தான் முன்பக்கம் எல்லாத்தையும் அடிச்ச அப்புறம் தாள்கட்டைத் திருப்பி வைக்கணும்." அக்கா நெற்றியைத் தேய்த்தாள். "அப்படின்னா சரிபார்க்க அடிச்ச முதல் ப்ரூஃப். முன்பக்கம் நாலும் அடிச்சதும் பார்த்தேன், எழுத்து மடிப்புக்குள்ள போய் விழுந்திருந்துச்சு. மார்ஜின் பத்தலை. அத்தோட நிறுத்திட்டேன். அப்ப எல்லாக் கட்டத்துலயும் எண்பத்தெட்டுதான். பக்க எண்ணும் போடல, அது கடைசி வேலை. வேஸ்ட்தானேன்னு நாலையும் அந்த டிரேல போட்டேன்."

கதவோரம் ஒரு டிரே இருந்தது. ஒருபக்கம் அச்சான தாள்களை வெற்றுப்பக்கம் மேலே தெரிய வைப்பாள், யாருக்காவது குறிப்பெழுத உதவும் என்று.

"என்னிக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை. அன்னிக்கு மதியம் எல்லாரும் இங்கதான் விளையாடினாங்க. வில்லாளி, திருடன், குள்ளன், தம்பி."

"திருடன்னு ஒருத்தர் இருக்காரா?" சோடாவின் முகம் மலர்ந்தது. "கேஸ் முடிஞ்சுது மேடம். சாப்பிடப் போலாம்."

"அது அவர் எடுத்துக்கிட்ட வேஷம். பேங்க்ல வேலை பாக்கறார்" என்றாள் அக்கா.

"அதுவும் சந்தேகத்தைக் குறைக்கலையே."

மேடம் டிரேயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விளையாடும்போது யாருக்குப் பெரிய தாள் தேவைப்படும்?"

"குள்ளனுக்கு" என்றாள் அக்கா. "போற வழியை வரைபடமா வரையறது அவர்தான்."

குள்ளன் ஆறடி இரண்டு அங்குலம். லிஃப்ட் மெக்கானிக். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில், தலையைக் குனிந்துகொண்டு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஒன்பது மாடி. ஏறிய படிகளை சோடா எண்ணிக்கொண்டே வந்திருந்தான், ஏனென்றால் லிஃப்டைத்தான் அவர் நிறுத்தி வைத்திருந்தாரே.

"ஆமா, அன்னிக்கு வரைய நாலு தாள் கேட்டேன்" என்றார் அவர். "நடத்துநர்தான் டிரேலேர்ந்து எடுத்துக் குடுத்தார். எங்க மேஜையில அக்காவோட தம்பியை நடத்துநர்னுதான் கூப்பிடுவோம். கிணறு நீளமாக் கீழ போகுதே, அதனால நாலையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா டேப் போட்டு ஒட்டி, பட்டை மாதிரி வரைஞ்சேன்."

"பின்பக்கம் என்ன இருந்துச்சு?"

குள்ளனின் காது சிவந்தது. "ஏதோ அச்சாகியிருந்தது. பார்த்ததுமே கவுத்து வச்சுட்டேன். அடுத்து என்ன வருதுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன ஆட்டம்? சொன்னா நடத்துநர் தாளைப் பிடுங்கிடுவார், பாதி வரைஞ்சாச்சு. அதான் மூச்சு விடல."

"நீங்க ஒரு வரி கூடப் படிக்கலயா?" மேடத்தின் குரலில் பழைய இன்சூரன்ஸ் வாடை அடித்தது.

"படிச்சிருந்தா அடுத்த வாரம் அந்தக் குழியில நான் ஏங்க விழறேன்? கால் ஒடைஞ்சு ரெண்டு வாரம் வெறும் வேடிக்கைதான் பார்த்தேன்."

அவருடைய இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. வேஷத்தின் கால் உடைந்ததைச் சொல்கிறார் என்று சோடாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்த வருத்தம் அவ்வளவு அசலாக இருந்தது.

"வரைபடம் இப்ப எங்க?"

"நடத்துநர் எடுத்துட்டுப் போனார். நல்லா வந்திருக்கு, நான் வச்சுக்கறேன்னார்."

படி இறங்கும்போது சோடாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பிதான் மேடம். தானே எடுத்துட்டுப் போய்த் தானே அனுப்பிட்டு, அக்கா மேல பழியைப் போட்டுட்டார்."

"முழுக் கதையும் எழுதினவனுக்குப் பாதிக் கதையைத் திருட வேண்டிய அவசியம் என்ன?" என்றார் மேடம். "ஆனா அவன் எதையோ மறைக்கிறான்."

தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவன். சோடாவின் கண்ணாடியைக் கண்டதும் அவன் கை தானாக நீண்டது. "கீறல் விழுந்திருக்கு. கழட்டிக் குடுங்க சார், பாலிஷ் பண்ணித் தரேன்" என்றான். கழற்றியதும் சோடாவுக்கு உலகம் பாலில் போட்ட ரொட்டி போல ஆகிவிட்டது. அதனால் அந்த விசாரணையை அவன் காதால் மட்டுமே பார்த்தான்.

"கிணத்து வரைபடம் எங்க?" என்றது மேடத்தின் குரல்.

பாலிஷ் சக்கரம் நின்றது. "அக்கா அனுப்பினாளா?"

"நான் கேட்டதுக்குப் பதில்."

"ஒரு இடத்துல மாட்டியிருக்கு."

"எந்த இடத்துல?"

சக்கரம் ஓடி மறுபடி நின்றது. பிறகு, "போட்டி நடத்தற அந்த விளையாட்டுக் கடையில. சனிக்கிழமை காலையில அங்க போவேன். ஒரு தடவை வரைபடத்தைக் காட்டினேன். கடைக்காரருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, ஃபிரேம் போட்டு மாட்டறேன்னார். அது வெறும் படம்தானே மேடம். கதையை நான் யார்கிட்டயும் காட்டல."

"போட்டிக்கு அனுப்பற வரைக்கும் எதையும் வெளிய காட்டக் கூடாதுன்னு உங்க அக்கா சொல்லியிருந்தாங்களா?"

"சொல்லியிருந்தா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காட்டலன்னு சொன்னேன்." குரல் சட்டென்று உயர்ந்தது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எண்பத்தெட்டு அவளோடது. அவ கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போயிருக்கு."

"நாலரை மணிக்குக் கடைக்கு வாங்க. அக்காவும் வருவாங்க. வந்து இதையே சொல்லுங்க" என்றார் மேடம்.

கண்ணாடி திரும்பி வந்தது. மாட்டிக்கொண்டு பார்த்தான் சோடா. தம்பியின் முகத்தில் திமிரைத் தேடினான், இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது.

விளையாட்டுக் கடையில் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் நரைத்த குறுந்தாடி வைத்த, சிரித்த முகக்காரர். அளவுக்கு மீறிச் சிரித்தார் என்று சோடாவுக்குப் பட்டது, ஆனால் அன்று அவனுக்கு எல்லாமே அப்படித்தான் பட்டது. அக்கா ஒரு அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்றாள், தம்பி அந்தப் பக்கம். நடுவில் பகடைகள் நிறைந்த கண்ணாடி ஜாடிகள். பத்து நாள் கழித்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஜாடிகளைத்தான் பார்த்தார்கள்.

கல்லாவுக்குப் பின்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கிணற்று வரைபடம் நீளமாகத் தொங்கியது.

"ஆதாரம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் கடைக்காரர். "மணி நாலே முக்கால்."

"இருள்மொழி ஆதாரம் குடுத்துட்டாரா?" என்றார் மேடம்.

"அவர் முன்னாடியே அனுப்பினவர். அவர் நிரூபிக்க வேண்டியதில்லை."

"நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"நல்ல மனுஷன். ஒவ்வொரு வார்த்தையும் சொந்தமா எழுதினவர்." சிரிப்பு அப்படியே இருந்தது. "பேர் சொல்ல விரும்பாதவரை நான் எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேண்டாம். அந்த வரைபடத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுங்க. பின்பக்கம் பார்க்கணும்."

சிரிப்பு நின்றது. "அது கிழிஞ்சுடும். பழைய டேப்பு."

"ரெண்டு மாசத்து டேப்பு" என்றான் சோடா. "பல்லு கூட முளைச்சிருக்காது."

தம்பி ஜாடிகளைச் சுற்றிக்கொண்டு வந்தான். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. ஆனால் அது அவன் படம், அதைக் காட்ட ஒருவர் பதறுகிறார் என்பது தெரிந்தது. யாரையும் கேட்காமல் சட்டத்தைக் கழற்றிக் கல்லாமேல் கவிழ்த்தான்.

பின்னால் பிரவுன் பேப்பர் நான்கு ஓரமும் பசை போட்டு ஒட்டியிருந்தது. அக்கா கைப்பையிலிருந்து கட்டரை எடுத்தாள். வரைபடத்தில் ஒரு கீறல் படாமல் நான்கு ஓரத்தையும் அறுத்துத் தாளை உரித்தாள். அவள் வேலை அது.

உள்ளே அவளுடைய முதல் ப்ரூஃப் இருந்தது. மேலிருந்து கீழாக நாலு தாள், எட்டுப் பக்கம், கட்டத்துக்குக் கட்டம் எண்பத்தெட்டு. பக்க எண் இல்லாத அந்தப் பக்கங்களின் தலையில் யாரோ பென்சிலால் வரிசை எண் போட்டிருந்தார்கள். பூதம் செத்த கடைசி அறைக்கு 1. முதல் அறைக்கு 2. அப்படியே ஒரு கணக்குப்பிள்ளை ஒழுங்கோடு 8 வரைக்கும். ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

மேடம் மதிப்புரைத் தாளை எடுத்து அந்த ஏழுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று ஏழும் ஒரே கையில் பிறந்தவை என்று சொல்ல நிபுணர் தேவைப்படவில்லை.

"இதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே" என்றான் சோடா. நிஜமாகவே ஆதங்கப்பட்டான்.

"வாராவாரம் வந்து பார்ப்பான்." கடைக்காரர் தம்பியைக் காட்டினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "இருபது வருஷமா அடுத்தவங்க எழுதினதை வித்துக்கிட்டிருக்கேன். ஃபிரேம் போடத் திருப்பினேன். படிக்க ஆரம்பிச்சேன். விட முடியல. மீதிப் பாதியை நானே எழுதினேன். அது நல்லா இல்லன்னு எனக்கே தெரியும்."

அவர்மேல் சோடாவுக்குப் பரிதாபம் வந்தது, கோபமும் வந்தது. மேடத்துக்கு இரண்டும் வரவில்லை. இரண்டாவது நடுவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, கல்லாவிலிருந்த போனிலேயே பேசினார். ஐந்தடிக்க மூன்று நிமிடம் இருந்தபோது 'கிணற்றுக்குள் கோட்டை' சுத்தம் என்று பதில் வந்தது. போட்டியை இனி யார் நடத்துவது என்று அப்புறம் பார்ப்பார்களாம்.

தம்பி இன்னும் அந்த நாலு தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "டிரேலேர்ந்து நான்தான் எடுத்தேன்" என்றான். "திருப்பிக்கூடப் பார்க்கல. இங்க கொண்டு வந்து குடுத்ததும் நான்தான். உன்கிட்ட பொய் சொன்னேன்கா. அப்புறம் உன்னையே சந்தேகப்பட்டேன்."

"தெரியும்" என்றாள் அக்கா. கட்டரின் பிளேடை உள்ளே தள்ளினாள். "நானும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்."

அவன் நிமிர்ந்தான்.

"சனிக்கிழமை காலையில எங்கயோ போவ. கேட்டா மழுப்புவ. என் பேரை எடுத்துட்டு நீ மட்டும் தனியா வித்துட்டியோன்னு நினைச்சேன். போட்டிக்காக நான் இவங்ககிட்ட போகல. நீயா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் போனேன்."

சோடா மேடத்தைப் பார்த்தான். மேடத்துக்கு இது செய்தி இல்லை என்று முகம் சொன்னது. தனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று அவனுக்குச் சுருக்கென்றது.

தம்பியின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தால், வந்தது ஒருவிதமான ஆறுதல். "அப்ப ரெண்டு பேரும் சரிக்குச் சரி" என்றான்.

"இல்ல" என்றாள் அக்கா. "நான் மனசுக்குள்ள வச்சிருந்தேன். நீ எல்லார் முன்னாடியும் சொன்ன. வர்ற சனிக்கிழமை வில்லாளி, திருடன், குள்ளன் மூணு பேரும் உக்காந்தப்புறம், பகடையைத் தொடறதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன்கா."

"சத்தமா."

"சரிக்கா" என்றான் தம்பி, கடை முழுக்கக் கேட்கும்படி.